நடுவரிசையில் இன்று என்ன?

எங்கள் மருத்துவமனைக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது எக்ஸ்சேஞ்ச் அக்காவின் குரலைத்தான். தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே அவருக்கு ஓர் அறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டியதுதான். ஒரு மேசை, ஒரு சுவிட்ச்போர்டு, ஹெட்செட், தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான் சாமான். சுவரில் எண்கள் எழுதிய பட்டியல் கிடையாது. அறுநூற்றுச் சொச்சம் உள் எண்களும் அவருக்கு மனப்பாடம். நாம் "குழந்தை வார்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் அங்கே மணி அடித்துவிடும்.

அக்காவுக்குக் கண் தெரியாது. பதினோரு வயதில் மங்க ஆரம்பித்து இருபதில் முழுக்க அணைந்துவிட்டது. இப்போது நாற்பத்தாறு. இதைச் சொல்வதற்கு அவர் தயங்கியதே இல்லை. கண் தெரியாது என்றதும் சிலர் ஏனோ தொண்டையைக் கிழித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். "காது நல்லாவே கேக்குதுங்க, அதுல ஒரு குறையும் இல்ல" என்பார் அக்கா, சிரித்துக்கொண்டே.

நான் மாடிப்படிக்கு அந்தப் பக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மதியச் சாப்பாட்டை அவர் அறைக்கு எடுத்துப் போய்விடுவேன். என்னை அவர் "லேப்" என்றுதான் கூப்பிடுவார். அவர் மளிகை வாங்கப் பழகிய கதை, சாப்பாட்டுக்கு நடுவிலும் போன் மணிக்கு நடுவிலுமாக, துண்டு துண்டாக எனக்கு வந்து சேர்ந்தது.

பதினான்கு வருடமாக அக்காவுக்கு மளிகைக் கவலையே இருக்கவில்லை. தங்கை அதே கட்டடத்தில், ஒரு மாடி கீழே. அக்கா வாய்விட்டுச் சொன்னால் போதும், தங்கை தன் வீட்டுக்கு வாங்கும்போது இரண்டு வீட்டுக்கும் வாங்கிவிடுவாள். திடீரென்று தங்கையின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஒரே மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

"அவ போன அன்னிக்கு அழுதேன். மூணாவது நாள் டீத்தூள் தீந்துச்சு. அதுக்கும் அழுதேன்" என்றார் அக்கா.

அவர் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் வண்டியில், மூன்று நாள் வீட்டில். நல்ல மனிதர்தான். ஆனால் கடைக்கு அனுப்பினால் கை அடங்காது. நாலு வெங்காயம் வேண்டும் என்றால் நாலு கிலோ வரும். ஒரு சோப்புக்குப் பன்னிரண்டு சோப்பு. கட்டிலுக்கு அடியில் வெங்காயம் முளைவிட்டு, காலில் இடறிய அன்றைக்குத்தான் அக்கா முடிவெடுத்தார்.

"என் அடுப்பங்கரைக்கு என்ன வேணும்னு எனக்குத்தான் தெரியும். நானே போறேன்."

"தனியாவா?" என்றார் கணவர்.

"ஆஸ்பத்திரிக்கு யார் துணையோட போறேன்?"



அக்கா வீட்டுப் பக்கம் இரண்டு கடைகள். ஒன்று பெரிய கடை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே, பளபளவென்று, பதினான்கு வரிசைகளோடு. கதவு திறந்ததும் ரொட்டி வேகும் வாசனை முகத்தில் அடிக்கும், மேலிருந்து மெல்லிய பாட்டு வழியும். இன்னொன்றுக்கு வாசலில் ஒரு பெயர் இருந்தாலும் எல்லோரும் சொல்வது அட்டைப்பெட்டிக் கடை என்றுதான். சாமான்களை எடுத்து அடுக்கக்கூட மாட்டார்கள். வந்த பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து அப்படியே வைத்துவிடுவார்கள். பாட்டு இல்லை, வாசனை இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. விலை மட்டும் மூன்றில் இரண்டு பங்குதான். எங்கள் மருத்துவமனையில் பலர் அங்கே வாங்குவார்கள். ஆனால் பெரிய கடைப் பையில் போட்டு எடுத்து வருவார்கள்.

அக்கா முதலில் பெரிய கடைக்குத்தான் போனார். அங்கே வாடிக்கையாளர் சேவை என்று ஒரு மேசை உண்டு. கேட்டால் கூடவே வந்து எடுத்துக் கொடுக்க ஓர் ஆளை அனுப்புவார்கள். அக்காவுக்கு வாய்த்தது ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர். முன்பு அழகுசாதனப் பிரிவில் விற்பனையில் இருந்தவராம். அக்காவின் கையைப் பிடித்து, "வாங்க மேடம், மெதுவா, மெதுவா" என்று, பாலத்தைக் கடப்பதுபோல நடத்திக்கொண்டு போனார்.

"டீத்தூள் வேணும்" என்றார் அக்கா.

"என்ன டீத்தூள் மேடம்? இருபத்துமூணு வகை இருக்கு."

"சாதாரண டீத்தூள்."

"சாதாரணத்திலேயே ஒம்பது இருக்கு மேடம். இதுக்கு ஆஃபர் ஓடுது. ரெண்டு எடுத்தா ஒரு கோப்பை இலவசம்."

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அன்பானவர், பேச்சுத்துணைக்கு அருமையானவர். பேரன் பேசிய முதல் வார்த்தை முதல் தன் முழங்கால் வலி வரை எல்லாம் சொல்வார். ஆனால் அவர் கைபட்டால் எல்லாவற்றுக்கும் ஓர் ஆஃபர் முளைக்கும். முதல் மாதம் அக்கா வீட்டுக்கு வந்தது மூன்று கோப்பை, இரண்டு ஷாம்பு, வாசனை மெழுகுவர்த்தி ஒன்று.

"மெழுகுவர்த்தி! எனக்கு! அந்தம்மா ஒரு நிமிஷம் மறந்தே போச்சு பாரு. அதுக்காகவே அவங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்று சொல்லி அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஆனால் சங்கடமும் இருந்தது. அந்த அம்மாள் வேறு வேலையில் இருந்தால் இருபது நிமிடம், அரை மணி நேரம் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஒரு நாளும் தானே எதையும் எடுத்ததாக அக்காவுக்குத் தோன்றவில்லை. வழியையாவது மனப்பாடம் செய்யலாம் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையையே புரட்டிப் போட்டுவிடுவார்கள். போன மாதம் எண்ணெய் இருந்த இடத்தில் இந்த மாதம் பிஸ்கட். "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரின்னு சொல்வாங்க. எனக்குக் கட்டக்கூட வேணாம்" என்றார்.

ஒரு சனிக்கிழமை கணவரோடு சும்மா அட்டைப்பெட்டிக் கடைக்குள் நுழைந்தார். அவர் வண்டியைத் தள்ள, அக்கா ஒரு கையை அடுக்கின் ஓரத்தில் வைத்தபடி நடந்தார். மொத்தம் ஐந்தே வரிசை. ஒவ்வொன்றும் இருபத்திரண்டு எட்டு. கடைசிச் சுவர் முழுக்கக் குளிர்ப்பெட்டிகள். அவற்றின் உறுமல் கடையில் எங்கே நின்றாலும் கேட்டது. அதுவே திசை. எதிரில் சத்தம் கேட்டால் உள்ளே போகிறோம், முதுகுப் பக்கம் கேட்டால் வெளியே போகிறோம்.

"டீத்தூள் எத்தனை வகை?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் இருக்கு" என்றார் கணவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"உப்பு?"

"அதுவும் ஒண்ணுதான்."

அக்காவுக்கு உடம்பு சிலிர்த்ததாம். ஒரே உப்பு, அதே இடத்தில், கிழித்த அட்டையின் சொரசொரப்புக்கு உள்ளே. உள் எண் மாதிரி. முதல் வரிசை, ஆறாவது எட்டு, இடுப்பு உயரம்: உப்பு. ஏழாவது எட்டு: சர்க்கரை. கணவரை அன்றைக்கு மூன்று சுற்று சுற்ற வைத்தார். அடுத்த சனிக்கிழமை இன்னும் மூன்று. நான்காவது சுற்றில் அவர், "கோயில் பிரகாரம் சுத்தினாக்கூட இவ்வளவு புண்ணியம் கிடைக்காது" என்று முணுமுணுத்தாராம். ஆனாலும் சுற்றினார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து அக்கா தனியாகப் போனார். வெள்ளைக்குச்சி ஒரு கையில், கூடை ஒரு கையில். உப்பு, டீத்தூள், முட்டை, துணி சோப்பு. தக்காளி டின்னும் பட்டாணி டின்னும் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தக்காளி சளப் சளப் என்றது, பட்டாணி கடகடத்தது. பில் போடும் இடத்தில் இருந்தவர் சாமான்களை இழுத்த வேகத்தில் பீப் பீப் பீப் என்று சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"நம்ம ஐசியு-ல இந்த வேகத்துல அடிச்சிருந்தா நாலு டாக்டர் ஓடி வந்திருப்பாங்க" என்றார் அக்கா என்னிடம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நினைத்தது நினைத்தபடி இருந்தது. ஒன்று கூட மாறவில்லை. கண் அணைந்த பிறகு தானே போய், தானே தேடி, தானே எடுத்து வந்த முதல் உப்பு. மறுநாள் எனக்குச் சொல்லும்போதும் அந்தக் குரலில் ஒரு மிதப்பு. "லேப், நேத்து நான் உப்பு வாங்கினேன்" என்றார். நான் புரியாமல் "சரிக்கா" என்றேன். எவ்வளவு மொண்ணையான பதில் என்று பிற்பாடுதான் உறைத்தது.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. செவ்வாய்க்கிழமைதான் அவர் போகிற நாள். ஒரு வாரம் மட்டும் செவ்வாய் முடியாமல் வியாழக்கிழமை போனார். அங்கேதான் வந்தது வினை.

அந்தக் கடையில் எல்லாம் நிலையானது, நடுவரிசையைத் தவிர. மூன்றாவது வரிசையில் மளிகை கிடையாது. வியாழன் தோறும் புதிதாக ஏதாவது கொட்டி வைப்பார்கள். ஒரு வாரம் சட்டி பானை, ஒரு வாரம் கருவிப்பெட்டி, ஒரு வாரம் போர்வை. மலிவாக இருப்பதால் வியாழன் என்றால் கூட்டம் அள்ளும். வரிசைக்குள் கொள்ளாமல் குளிர்ப்பெட்டிப் பக்கத்து நடைபாதை வரைக்கும் சரக்கு வழியும். அக்கா பால் எடுக்க, தெரிந்த பாதையாயிற்றே என்று தைரியமாக நடந்தார். குச்சி எதிலோ தட்டியது. அடுத்த கணம் தலைக்கு மேலிருந்து பிளாஸ்டிக் பூவாளிகள் பொலபொலவென்று சரிந்தன. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி, முப்பது நாற்பது இருக்கும். தரையெல்லாம் உருண்டன.

அடி எதுவும் படவில்லை. ஆனால் நாலா பக்கத்திலிருந்தும் கைகள் வந்து பிடித்தன. யாரோ குச்சியையே பிடுங்கி நகர்த்தினார்கள். "பாவம், கூட யாரும் வரலையா?" என்றது ஒரு குரல். "வீட்டுல இருக்கிறவங்களுக்கு அறிவு வேணாம்?" என்றது இன்னொன்று. பிறகு விறுவிறுவென்று செருப்புச் சத்தம். மேனேஜர். சுருக்கமாகப் பேசும் பெண்.

"அடி பட்டுச்சாங்க?"

"இல்லைங்க. மன்னிச்சுக்குங்க, தெரியாம..."

"பரவாயில்ல. அடுத்த தடவை யாரையாவது கூட்டிட்டு வாங்க. எங்ககிட்ட கூட வர ஆள் கிடையாது."

கடுமையாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் அக்காவுக்குத் தைத்தது. கூடையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.  மூன்று வாரம் திரும்பவும் பெரிய கடை. பெஞ்சு, காத்திருப்பு, "மெதுவா மேடம்", ஓர் இலவசக் கோப்பை.

நான்காவது வாரம் புதன்கிழமை, நான் டிபன் டப்பாவைத் திறக்கும்போது அக்கா கேட்டார்: "அந்தக் கடைக்குப் போன் நம்பர் இருக்கா பாரு, லேப்."

என் கைபேசியில் தேடினேன். கிளைக்கு எண்ணே போடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மட்டும் ஒன்று இருந்தது. "போன் எடுக்கவும் ஆள் வைக்கலை போல. அதான் மலிவு" என்றேன்.

"குடு அதை" என்றார்.

மறுநாள் காலையில் தன் இடைவேளையில் தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டார். நான் கூடவே இருந்தேன். இசை, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும், மறுபடி இசை. நான் என்றால் கோபத்தில் வைத்திருப்பேன். அக்கா ஆற்றங்கரையில் தூண்டில் போட்டவர்போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு பெண் குரல் வந்ததும், "வணக்கம்மா. நானும் ஆபரேட்டர்தான், ஆஸ்பத்திரியில. காலையிலேர்ந்து எத்தனை கால் எடுத்தீங்க? தண்ணியாவது குடிச்சீங்களா?" என்றார்.

 அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "இதுவரைக்கும் என்னை யாருமே இப்படிக் கேட்டதில்லைங்க" என்றது குரல்.

ஐந்து நிமிடத்தில் கிளையின் உள்தொடர்பு கிடைத்துவிட்டது. மேனேஜர் எடுத்தார்.

"இந்த லைன்ல நீங்க எப்படி வந்தீங்க?"

"அது என் தொழிலுங்க. பூவாளி கொட்டினேனே, நான்தான்."

"ஓ, சொல்லுங்க."

"உங்க கடையில எனக்கு ஆள் வேணாம். பதினெட்டு சாமான் எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். நடுவரிசையில இன்னைக்கு என்ன, எதுவரைக்கும் நீட்டியிருக்கீங்க? இனிமே எனக்கு வியாழக்கிழமைதான் தோது. அன்னைக்கு ஒரு நிமிஷம் அதை மட்டும் சொன்னாப் போதும்."

"மொத்தக் கடைக்கும் நாங்க நாலு பேருங்க. ஒரு நிமிஷம்கூட..."

"பூவாளி பொறுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

 மேனேஜர் சிரிப்பது கேட்டது. அவர் சிரித்து அதற்கு முன் யாரும் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். "பதினஞ்சு நிமிஷம்" என்றார். "சரிங்க. வியாழன் பத்து மணி. ஒரு நிமிஷம்தான்."

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. மேனேஜர் சொல்வது வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். "இடது பக்கம் போர்வை, இடுப்பு உயரம். வலது பக்கம் மடக்கு ஏணி, ஆள் உயரம், தொடாதீங்க. பால் பக்கம் ரெண்டு எட்டு வெளியே வந்திருக்கு. முட்டை வழியாப் போங்க." ஐம்பது விநாடியில் முடிந்துவிடும். கொஞ்ச நாளில் மேனேஜருக்கே ஒன்று உறைத்திருக்கிறது. வாரா வாரம் இன்னொருவருக்கு வாயால் சொல்லும்போதுதான் கடை எவ்வளவு அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்பது அவர் காதிலேயே விழுந்தது. ஒரு வியாழன், "பால் பக்கம் ஒண்ணும் இல்லைங்க. இனிமே அங்க வைக்கிறதில்லன்னு சொல்லிட்டேன். குழந்தை வண்டி வச்சிருக்கிறவங்களும் முட்டிக்கிறாங்க" என்றார்.

போன மழைக்காலத்துக்கு முன் ஒரு வியாழன், பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மேனேஜரே கூப்பிட்டார். அக்கா பதறிவிட்டார். கடையை விரிவாக்கி மாற்றி அடுக்கப் போகிறார்களாம், தலைமை அலுவலக உத்தரவு. உப்பு நான்காவது வரிசைக்குப் போகிறது. ஐந்து வரிசை ஆறாகிறது.

"அடுக்கி முடிச்ச மறுநாள் மூணு மணிக்கு வர முடியுமா? அப்போ கூட்டம் இருக்காது" என்றார் மேனேஜர்.

அக்கா வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனார். மேனேஜர் அவர் கையைப் பிடிக்கவில்லை. தள்ளுவண்டியின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தபடி நடந்தார். பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா. "உப்பு இங்க. ஒன்பதாவது எட்டு. பழைய உயரம்தான். எண்ணெய் அதுக்கு எதிரே." ஆறு வரிசையும் ஒருமுறை. கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, இன்னொரு முறை. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. இரண்டு முறை பில் கவுண்டரிலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டார்கள். "இருப்பா, வேலையா இருக்கேன்" என்று சொன்னாராம்.

"வேலையா இருக்கேன்னு சொன்னாங்க லேப். பாவம்னு சொல்லலை, உதவின்னு சொல்லலை" என்றார் அக்கா. அன்றைக்கு அவர் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்துவிட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்குப் பசிக்காது.

பெரிய கடையை அவர் விட்டுவிடவில்லை. மாதம் இரண்டு முறை போகிறார், மீனுக்கும் ரொட்டிக்கும். அங்கே மீன் வெட்டுபவர் அக்காவின் விரலைப் பிடித்துச் செவுளில் வைத்து, "பாருங்க, வழுவழுப்பா இருக்கா? கடல்ல இருந்து கோவிச்சுக்கிட்டு வந்து ஒரு நாள்தான் ஆச்சு" என்பார். அட்டைப்பெட்டிக் கடை மீன் கல் மாதிரி உறைந்து பெட்டியில் வரும். அதோடு யார் பேச முடியும்? உதவிக்கு வரும் அம்மாளையும் பார்த்து, முழங்கால் எப்படி என்று கேட்டுவிட்டு, ஆஃபருக்கு அசையாமல் திரும்பி வருவார். ஒரே ஒரு முறை அசைந்தார். பேரனுக்குப் பிறந்தநாள் என்று அந்த அம்மாள் உற்சாகமாக இருந்தார், மறுக்க மனம் வரவில்லையாம்.

"ரெண்டுல எது நல்ல கடைக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். விலையைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"பெரிய கடையில நான் விருந்தாளி. நல்லாக் கவனிச்சுக்கிறாங்க. விருந்தாளியா வாரா வாரம் போக முடியுமா? இந்தக் கடையில யாரும் என்னைக் கவனிக்கிறதில்ல, நான் பாட்டுக்கு வர்றேன் போறேன். மீதியாகிற காசு வேற. அந்தக் காசுல மீன் வாங்குறேன்" என்றார்.

போன வியாழன் நானும் அவரோடு அட்டைப்பெட்டிக் கடைக்குப் போனேன். எனக்கு அது முதல் தடவை. அக்கா நாலு நிமிடத்தில் கூடையை நிரப்பிக்கொண்டு பில் கவுண்டர் பக்கம் போய்விட்டார். நான் நடுவரிசையில் நின்றுவிட்டேன். மடக்கு நாற்காலி, பச்சை நிறம், பாதி விலை. எங்கள் வீட்டில் அதைப் போட இடம் கிடையாது. இருந்தாலும் கை விடமாட்டேன் என்றது.

"லேப், எங்க இருக்கே?"

"இதோ வந்துட்டேன்க்கா."

"நடுவரிசையில நிக்கிறியா? ஏதாவது எடுத்துட்டியா?"

"ஒரு நாற்காலி."

"கண்ணு இருக்கிறவங்களுக்குத்தான் அங்க ஆபத்து" என்று சொன்னார். பில் போடுபவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா ஜன்னலோரத் திட்டில் வைத்துத் தன் சாமான்களைப் பையில் அடுக்க ஆரம்பித்தார். டின் அடியில், முட்டை மேலே. நான் நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன்.